குவில்ட் ஓரத்துக்கு பைண்டிங் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைத்து (இதைத்தான் குவில்டிங் என்பார்கள்) முடித்தாயிற்று, இனி ஓரத்தைத் துணிப்பட்டியால் மூடும் பைண்டிங் மட்டும்தான் பாக்கி என்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் ஓர் அவசரம் வந்துவிடும். ஆனால் போர்வையை இழுப்பது, மடிப்பது, துவைப்பது எல்லாவற்றிலும் முதலில் அடிபடுவது ஓரம்தான், அதனால் இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

அடித்துணியையே முன்பக்கம் மடித்துத் தைத்துவிட்டால் போதாதா? தனியாகப் பட்டி எதற்கு?

தைக்கலாம், தப்பில்லை. அடித்துணியை எல்லாப் பக்கமும் ஓர் இன்ச் கூடுதலாக விட்டு, இரண்டு முறை மடித்து முன்பக்கம் தைத்தால் ஓரம் மூடிவிடும். சுவரில் மாட்டும் சின்ன குவில்ட், மேஜை விரிப்பு போன்றவற்றுக்கு அது போதும். தினமும் போர்த்திக்கொள்ளும் குவில்டுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். ஓர விளிம்பில் ஒரே ஒரு அடுக்குத் துணிதான் இருக்கும், சீக்கிரம் தேய்ந்து கிழியும், கிழிந்தால் கழற்றி மாற்றவும் முடியாது, ஏனென்றால் கிழிந்தது அடித்துணியே. இரட்டையாக மடித்த தனிப் பட்டி என்றால் விளிம்பில் இரண்டு அடுக்கு இருக்கும், மேலடுக்கு தேய்ந்தாலும் உள்ளே இன்னொன்று தாங்கும், பத்து வருஷம் கழித்து மாற்றவும் முடியும். இந்தப் பக்கத்தில் நான் பைண்டிங் என்று சொல்வதெல்லாம் இந்த இரட்டை மடிப்புப் பட்டியைத்தான்.

பைண்டிங் தைக்கும் முன் குவில்டில் என்ன வேலை பாக்கி?

ஓரத்தைச் சமமாக வெட்டுவது. பைண்டிங் கோணலாக வந்துவிட்டது என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை பைண்டிங்கில் இல்லை, இங்கேதான். குவில்டிங் செய்யும்போது துணி சுருங்கி அங்கங்கே இழுத்துக்கொள்ளும், முதலில் சரியான செவ்வகமாக இருந்தது இப்போது அப்படி இருக்காது. பெரிய சதுர ஸ்கேல் ஒன்றை மூலையில் வைத்து 90 டிகிரி இருக்கிறதா என்று பார்த்து, நீள ஸ்கேலால் ஓரத்தை வெட்டிக்கொண்டே போங்கள், கத்தரிக்கோலைவிட உருளும் கத்தி இதற்கு நல்லது. வெட்டியதும் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் குவில்ட் சதுரம் தப்பவில்லை.

மேல்துணியில் முக்கோண முனைகள் ஓரம் வரை வருகிற டிசைன் என்றால் கவனம் வேண்டும். அந்த முனைக்கு வெளியே கால் இன்ச் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைண்டிங் முனையை விழுங்கிவிடும், கூர்மையாக வந்திருந்ததெல்லாம் மொட்டையாகிவிடும்.

அப்புறம், வெட்டின ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச் உள்ளே சுற்றிலும் ஒரு நேர்த்தையல் போட்டுவிடுங்கள். வெட்டியதில் குவில்டிங் தையல்களும் அறுந்திருக்கும், அவை பிரியாமல் இது பிடித்துக்கொள்ளும், மூன்று அடுக்கும் நழுவாமலும் இருக்கும். பைண்டிங் தைத்ததும் இந்தத் தையல் உள்ளே மறைந்துபோகும்.

பட்டியின் அகலம் எவ்வளவு வைக்க வேண்டும்?

2¼ இன்ச் அல்லது 2½ இன்ச். மெல்லிய காட்டன் பஞ்சு, கால் இன்ச் தையல், பின்பக்கம் கையால் முடிப்பது என்றால் இரண்டேகால் கச்சிதமாக இருக்கும். மெஷினிலேயே முடிக்கப்போகிறீர்கள் என்றாலோ பஞ்சு கொஞ்சம் தடிமன் என்றாலோ இரண்டரை வையுங்கள். ரொம்ப உப்பலான பஞ்சுக்கு 2¾ கூட வேண்டியிருக்கும். மீதித் துணியில் ஒரு சாண் பட்டி வெட்டி, குவில்டிலிருந்து வெட்டி எறிந்த ஓரத்துண்டில் தைத்து மடித்துப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் பதில் தெரிந்துவிடும், அதைவிட நம்பகமான கணக்கு வேறு இல்லை.

எந்த அகலமானாலும் மடித்த பிறகு உள்ளே பஞ்சு நிறைந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பட்டி வெறும் துணியாக மடங்குகிறது என்றால் பட்டி அகலம் அதிகம் அல்லது பஞ்சை ஒட்ட வெட்டிவிட்டீர்கள். காலியான விளிம்பு சீக்கிரம் தேயும்.

மொத்தம் எவ்வளவு துணி வேண்டும்?

நான்கு பக்கத்தையும் கூட்டுங்கள், மூலைகளுக்கும் கடைசி இணைப்புக்கும் சேர்த்து 15 இன்ச் கூட்டுங்கள், அதை ஒரு பட்டியிலிருந்து நிகரமாகக் கிடைக்கும் நீளத்தால் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். உதாரணமாக 60க்கு 80 இன்ச் குவில்ட். சுற்றளவு 280, கூட்டினால் 295. துணியின் கரையை வெட்டியபின் அகலம் 42 இன்ச், குறுக்கு இணைப்பில் இரண்டரை இன்ச் போகும், ஆக ஒரு பட்டிக்கு 39½ இன்ச்தான் உபயோகம். 295ஐ 39½ ஆல் வகுத்தால் ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு, எனவே 8 பட்டிகள். இரண்டரை இன்ச் வீதம் 20 இன்ச் துணி. நான் 60 செ.மீ எடுப்பேன், துணி கடையிலேயே கோணலாக வெட்டப்பட்டிருந்தால் நேராக்குவதற்கும் மிச்சம் இருக்கும்.

நேர்த்துணியா, கிராஸ் துணியா?

நேர்த்துணி என்பது இழை ஓடும் திசையிலேயே வெட்டியது, கிராஸ் என்பது இழைக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டியது. ஓரம் நேர்க்கோடு என்றால் நேர்வாட்டத்தில் வெட்டிய பட்டி போதும். வளைவு ஒன்று இருந்தாலும் கிராஸ்தான், வேறு வழி கிடையாது, நேர்ப்பட்டி வளைவில் படுக்காது, சுருங்கித் தூக்கிக்கொண்டு நிற்கும்.

நேரான ஓரத்துக்கும் கிராஸ்தான் நல்லது என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நேர்ப்பட்டியில் மடிப்பு விளிம்பு முழுக்க ஏதோ ஒன்றிரண்டு இழைகள் மீதே ஓடும், அந்த இழை அறுந்தால் நீளமாக விட்டுவிடும். கிராஸில் இழைகள் விளிம்பைக் குறுக்காகக் கடந்து போவதால் ஓரிடத்தில் அறுந்தாலும் அந்த இடத்தோடு நிற்கும். ஆனால் கிராஸ் துணி இழுத்தால் நீளும், புதிதாகத் தைப்பவர்கள் கையில் அது ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் தளர்ந்தும் போய்விடும். முதல் சில குவில்டுகளுக்கு நேர்ப்பட்டியே தையுங்கள். கோடு போட்ட துணியை கிராஸாக வெட்டினால் விளிம்பில் சாய்ந்த கோடுகள் ஓடுவது தனி அழகு, அதற்காகவே கிராஸ் வெட்டலாம்.

கிராஸுக்குத் துணி கணக்கிட, சதுரத் துண்டின் பரப்பளவைப் பட்டி அகலத்தால் வகுங்கள். 30 இன்ச் சதுரம் என்றால் 900ஐ 2½ ஆல் வகுக்க 360 இன்ச், இணைப்புத் தையலில் போவதைக் கழித்தால் அதைவிடக் கொஞ்சம் குறையும்.

பட்டிகளை எப்படி ஒன்றோடொன்று இணைப்பது?

குறுக்காக. நேராக இணைத்தால் மடித்த பிறகு அத்தனை தையல் மடிப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து முடிச்சு மாதிரி தடித்துவிடும். ஒரு பட்டியை நல்ல பக்கம் மேலே பார்க்க வையுங்கள், அடுத்ததை நல்ல பக்கம் கீழே பார்க்க ‘ட’ வடிவில் அதன் முனை மேல் வையுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படும் சதுரத்தில், ‘ட’வின் வெளிமூலை தனியாக வெட்டுப்பட்டுப் போகிற மாதிரி குறுக்குக் கோடு போட்டு அதன் மேல் தையுங்கள். வெட்டும் முன் விரித்துப் பார்த்து, நேரே ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கால் இன்ச் விட்டு வெட்டி, தையலைப் பிரித்து இஸ்திரி போடுங்கள். எல்லாம் இணைத்த பிறகு நல்ல பக்கம் வெளியே இருக்க நீளவாக்கில் இரண்டாக மடித்து இன்னொரு முறை இஸ்திரி.

ரெடிமேட் பைண்டிங் டேப் உபயோகிக்கலாமா?

குவில்டுக்கு வேண்டாம். பெரும்பாலும் அது மெல்லிய துணி, ஒற்றை அடுக்கு, குவில்டுக்கு முன்னால் அதுதான் நைந்துபோகும்.

எந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டும்?

ஒரு பக்கத்தின் நடுவில், மூலையில் வேண்டவே வேண்டாம். முதலில் பட்டியைக் குவில்டைச் சுற்றி ஒருமுறை சும்மா வைத்துப் பாருங்கள், பட்டியின் இணைப்பு ஏதாவது மூலையில் விழுந்தால் ஆரம்ப இடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள், ஏற்கெனவே தடித்த மூலையில் அதுவும் சேர்ந்தால் ஊசி உடையும் அளவுக்குப் போகும். 10 இன்ச் வாலைத் தைக்காமல் விட்டு, பட்டியின் வெட்டிய விளிம்பும் குவில்டின் விளிம்பும் ஒட்டியிருக்க, கால் இன்ச் தள்ளித் தையுங்கள். தையல் நீளம் 2½ மி.மீ, ஊசி 90/14. கையால் முடிப்பதாக இருந்தால் முதல் தையல் முன்பக்கம், மெஷினில் முடிப்பதாக இருந்தால் முதல் தையல் பின்பக்கம். இதை மட்டும் ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாக்கிங் ஃபுட் இல்லையென்றால்?

ஃபுட் என்பது ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம். வாக்கிங் ஃபுட் இருந்தால் நல்லது, அது மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். சாதாரண ஃபுட்டில் கீழே உள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டும் தள்ளும், மேலே இருக்கும் பட்டி முன்னால் குவிந்துகொண்டே வரும். இல்லாதவர்கள் ஃபுட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, நெருக்கமாகக் கிளிப் போட்டு, மெதுவாகத் தைத்தால் சமாளிக்கலாம். குவில்டின் பாரம் மேஜையிலிருந்து கீழே தொங்கி இழுக்கக்கூடாது, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன் மேல் தாங்க வையுங்கள்.

மூலை மட்டும் எனக்கு எப்போதும் உருண்டையாக வருகிறது. கூர்மையாக எப்படிக் கொண்டுவருவது?

மூலையின் ரகசியம் எங்கே தையலை நிறுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மூலைக்குச் சரியாகக் கால் இன்ச் முன்பு, அதாவது உங்கள் தையல் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறதோ அவ்வளவு முன்பு, நிறுத்த வேண்டும். கண் அளவை நம்பாமல் அந்த இடத்தில் முன்கூட்டியே ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். புள்ளியைத் தாண்டித் தைத்தால் மடிப்பு திரும்பாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும், உருண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். முன்னாலேயே நிறுத்திவிட்டால் மூலையில் சின்ன ஓட்டை விழும்.

புள்ளியில் இரண்டு மூன்று ரிவர்ஸ் தையல் போட்டு நூலை வெட்டி, குவில்டை வெளியே எடுத்து, அடுத்த பக்கம் உங்களுக்கு நேராக வருகிற மாதிரி திருப்புங்கள். இப்போது பட்டியை, தைக்கப்போகும் பக்கத்துக்கு நேர் எதிராக, மேலே தூக்கி மடியுங்கள். மூலையில் 45 டிகிரி சாய்ந்த மடிப்பு தானாக விழும், பட்டியின் வெட்டிய விளிம்பு அடுத்த பக்கத்து விளிம்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும், நிற்கவில்லையென்றால் நிறுத்தின இடம் சரியில்லை, பிரித்துவிடுங்கள். அந்தச் சாய்ந்த மடிப்பை விரலால் பிடித்துக்கொண்டே பட்டியைக் கீழே மடித்து இறக்குங்கள். மேலே விழும் புதிய மடிப்பு, இப்போதுதான் தைத்து முடித்த பக்கத்தின் விளிம்போடு சரிசமமாக இருக்க வேண்டும், கீழே இறங்கினால் மூலைக்குத் துணி பற்றாது. கிளிப் போட்டு, மடிப்பின் உச்சியிலிருந்தே, அதாவது விளிம்பிலிருந்தே, தையலை ஆரம்பியுங்கள்.

பின்பக்கம் திருப்பும்போது ஒரு பக்கத்தை முழுக்க மடித்து, அடுத்த பக்கத்தை அதன் மேல் மடித்தால் அங்கேயும் 45 டிகிரி மடிப்பு விழும். முன்பக்க மடிப்பு எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அதற்கு எதிர்த் திசையில் பின்பக்க மடிப்பைப் படுக்க வைத்தால் தடிமன் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும், மூலை தட்டையாகக் கூர்மையாக நிற்கும். உள்ளே இருக்கும் பஞ்சை வெட்டி எடுத்தால் இன்னும் கூராகும் என்று நினைத்து நிறைய பேர் வெட்டிவிடுகிறார்கள், செய்யாதீர்கள், மூலை காலியாகிப் போய் நாய்க்காது மாதிரி மடங்கும். கடைசியாக அந்தச் சாய்ந்த மடிப்பின் மேல் முன்னும் பின்னும் மூன்று நான்கு கைத்தையல் போட்டு மூடிவிடுங்கள்.

சுற்றி வந்துவிட்டேன். இரண்டு முனையையும் எப்படிச் சேர்ப்பது?

ஆரம்பித்த இடத்துக்கு 12 இன்ச் முன்பே தையலை நிறுத்துங்கள். இடம் தாராளமாக இருந்தால்தான் மெஷினுக்குள் கொண்டுபோக முடியும். ஆரம்ப வாலைக் குவில்ட் ஓரத்தில் படுக்க வைத்து அதன் முனையை நேராக வெட்டிக்கொள்ளுங்கள். முடிவு வாலை அதன் மேல் படுக்க வையுங்கள். இரண்டும் எவ்வளவு தூரம் ஒன்றன் மேல் ஒன்று வர வேண்டும் என்றால், பட்டியை விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. 2½ இன்ச் பட்டி என்றால் 2½ இன்ச். அந்த இடத்தில் முடிவு வாலை வெட்டுங்கள், ஒரு நூலும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

இனி குவில்டை நடுவில் கொஞ்சம் மடித்து ஒரு கிளிப் போட்டால் இரண்டு வாலும் தளர்ந்து கைக்கு வரும். இரண்டையும் விரித்து, பட்டிகளை இணைத்த அதே முறையில், நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க, செங்குத்தாக வைத்துக் குறுக்குக் கோட்டில் குண்டூசி குத்துங்கள். வால் முறுக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான், அதனால் பெரிய தையலாக ஒருமுறை ஓட்டி, மடித்து ஓரத்தில் வைத்துப் பாருங்கள். இறுக்கமும் தளர்வும் இல்லாமல் படுத்தால் சின்னத் தையல் போட்டு, கால் இன்ச் விட்டு வெட்டி, மீதி 12 இன்சையும் தைத்து முடியுங்கள். முதல் தடவை புரியவில்லையென்றால் காகிதப் பட்டியில் செய்து பாருங்கள், இதைப் படிப்பதைவிடச் செய்வது சுலபம்.

பின்பக்கத்தைக் கையால் முடிப்பதா, மெஷினிலா?

யாருக்கு, எப்படி உபயோகப்படப்போகிறது என்பதைப் பொறுத்தது. வாரா வாரம் துவைக்கும் குழந்தைப் போர்வைக்கு மெஷின். நிதானமாகத் தைத்த, பல வருஷம் வைத்திருக்கப்போகிற குவில்டுக்கு நான் கைத்தையலைத்தான் சொல்வேன், முன்பக்கம் எந்தத் தையலும் தெரியாத அந்தச் சுத்தம் மெஷினில் வராது.

கைத்தையலுக்கு நூல் பட்டியின் நிறத்தில் இருக்க வேண்டும், அடித்துணியின் நிறத்தில் அல்ல, ஏனென்றால் தையல் பிடிப்பது பட்டியின் விளிம்பை. நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கும், நைந்தும் போகும். முடிச்சைப் பட்டிக்குள் மறைத்து, பட்டி மடிப்பின் விளிம்பில் இரண்டு இழையை மட்டும் பிடித்து, அதற்கு நேர் எதிரே அடித்துணியில் ஊசியை இறக்கி, பஞ்சுக்குள்ளேயே அரைக்கால் இன்ச் ஓட்டி, மறுபடி பட்டியின் விளிம்பில் எழுப்புங்கள். ஊசி மேல்துணிக்குப் போகவே கூடாது. பட்டி மடிப்பு, மெஷின் தையல் கோட்டைச் சரியாக மறைக்கிற மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒருமுறை பட்டிக்கடியில் சின்ன முடிச்சு போட்டுவிட்டால் எங்காவது நூல் அறுந்தாலும் மொத்தமும் பிரியாது.

மெஷின் என்றால், பின்பக்கம் தைத்த பட்டியை முன்பக்கம் கொண்டுவந்து, முதல் தையல் கோடு மறைகிற அளவுக்கு மடித்து, மடிப்பு விளிம்பை ஒட்டினாற்போல் தையுங்கள். பின்பக்கம் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தையல் கோடு தெரியும், அதனால் பாபின் நூலை, அதாவது மெஷினின் கீழ் நூலை, அடித்துணி நிறத்தில் போடுங்கள். முன்பக்கம் வளைந்து வளைந்து வருகிறது என்பவர்கள், தண்ணீரில் கரையும் பசையை மெல்லிசாக வைத்து இஸ்திரியால் காயவைத்துப் பிறகு தைத்துப் பாருங்கள். துவைத்தால் பசை போய்விடும்.

தைத்து முடித்தபின் ஓரம் அலை அலையாக நிற்கிறது. ஏன்?

தைக்கும்போது குவில்டின் ஓரம் இழுபட்டிருக்கிறது, அந்த இழுபட்ட நீளத்திலேயே பட்டி அதைப் பூட்டிவிட்டது. நடுவில் நெருக்கமாகக் குவில்டிங் செய்து ஓரத்தைச் சும்மா விட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். இதற்கு நேர்மாறாகப் பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரம் உள்பக்கம் சுருங்கிக் கிண்ணம்போல் குழியும்.

அடுத்த முறை ஓரத்தை அளக்காமல் குவில்டின் நடுப்பகுதியை அளந்துகொள்ளுங்கள், ஓரம் நீண்டிருக்கலாம், நடு பொய் சொல்லாது. அந்த அளவைப் பட்டியில் குறித்து, பட்டியையும் ஓரத்தையும் நான்கு நான்காகப் பங்கிட்டு, குறிக்குக் குறி சேர்த்துக் கிளிப் போட்டு, இடையில் மிஞ்சும் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கித் தையுங்கள். ஏற்கெனவே தைத்தாகிவிட்டது, அலை லேசானதுதான் என்றால் ஒருமுறை துவைத்து, தரையில் நேராக்கிப் படுக்க வைத்துக் காயப்போடுங்கள், பஞ்சு சுருங்கும்போது நிறைய அடங்கிவிடும்.

ஓரம் வளைவாக இருந்தால்? உள்பக்கம் போகும் மூலை இருந்தால்?

வளைவுக்கு கிராஸ் பட்டி, 2¼ இன்ச். தொடர் அரைவட்ட ஓரம் என்றால் வளைவை வரைந்துகொள்ளுங்கள், ஆனால் பைண்டிங் தைக்கும் முன் வெட்டாதீர்கள், கோட்டின் மேல் பட்டியை வைத்துத் தைத்த பிறகு வெட்டினால் ஓரம் நீளாமல் இருக்கும். வெளிவளைவில் பட்டியைத் தளர்வாக விட்டுத் தையுங்கள். உள்மூலையில் குவில்டின் ஓரத்தை, தையல் கோட்டுக்கு அருகே வரை ஒரு வெட்டு கொடுத்தால் அது விரிந்து நேர்க்கோடாகும், நேர்க்கோட்டில் தைப்பது போலவே தைத்துவிடலாம்.

பட்டித் துணியை முன்பே துவைக்க வேண்டுமா?

மேல்துணியைத் துவைத்திருந்தால் இதையும் துவையுங்கள். சிவப்பு, கருநீலம் என்றால் எப்படியும் துவைத்துவிடுங்கள், வெள்ளைக் குவில்டைச் சுற்றிச் சாயம் இறங்கினால் எடுப்பது கஷ்டம்.

பட்டிக்கு உள்பக்கம் மெல்லிய கோடாக இன்னொரு நிறம் தெரிகிற மாதிரி தைக்க முடியுமா?

முடியும், மெஷின் முடிப்புக்கு எனக்குப் பிடித்ததும் இதுதான். பட்டி நிறத்தில் 1½ இன்ச், கோடு நிறத்தில் 1¾ இன்ச் வெட்டி, நீளவாக்கில் கால் இன்சில் இணைத்து, பட்டி நிறத்தின் பக்கமாகத் தையலைப் படுக்க வைத்து, இரண்டாக மடித்தால் விளிம்பில் அரைக்கால் இன்ச் கோடு தெரியும். கோடு நிறம் மேலே உங்களைப் பார்க்க, குவில்டின் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் திருப்பி, இரண்டு நிறமும் சேரும் பள்ளத்தில் கோடு நிற நூலால் தைத்தால் முன்பக்கத் தையல் மறைந்துவிடும்.

பழைய குவில்டின் பைண்டிங் கிழிந்துவிட்டது. கழற்றிவிட்டுப் புதிது போடலாமா?

போடலாம். ஆனால் கழற்றுவதற்கு முன் ஓரத்தில் உள்ள துணி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். திடமாக இருந்தால் பழைய பட்டியைப் பிரித்து எடுத்து, சுற்றிலும் அரைக்கால் இன்சில் பிடிப்புத் தையல் போட்டுப் புதிதைத் தைக்கலாம். நைந்து போயிருந்தால் பிரிக்கும்போதே துணி கையோடு வரும். அப்படியானால் பழையதைத் தொடாமல், அதையும் சேர்த்து மூடுகிற மாதிரி அகலமான பட்டியை மேலேயே தையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கிழிந்திருந்தால் மொத்தமும் மாற்ற வேண்டாம், கிழிந்த இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒரு சாண் பட்டியைப் பிரித்து வெட்டி எடுத்துவிட்டு, கடைசி இணைப்புக்குச் சொன்ன அதே கணக்கில் புதுத்துண்டை இரண்டு முனையிலும் குறுக்காக இணைத்துக்கொள்ளுங்கள். புதுத்துண்டு பளிச்சென்று தனியாகத் தெரியும் என்று தோன்றினால் துணியை இரண்டு மூன்று முறை துவைத்துவிட்டு வெட்டுங்கள்.